கடலில் எவ்வளவு தூரம்

கொழும்பு,
ஆவணி 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

கடன் கேட்டு வருபவரை வங்கியில் எப்படி விசாரிப்பது என்று பல்கலைக்கழகத்தில் பழக்குகிறார்கள். பயிற்சிக்கென்று, கூடப் படிக்கும் சுகன்யா உங்களைப் பற்றி என்னிடம் கேட்டாள்.

"முல்லைத்தீவா? அப்ப அப்பாட்ட வள்ளம் இருக்கா? கடலில எவ்வளவு தூரம் போவார்?"

வங்கிக்கு அந்தத் தூரம் எதற்கு?

"எங்களுக்கு வயல்தான். அவர் கடல்பக்கம் போறேல்ல" என்றேன். வலை இழுக்கும் உங்களை விவசாயியாக்கிவிட்டேன். பயப்படாதீர்கள், அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

இதை ஊருக்கு வரும் கோயில் பாதர் கையில் தருகிறேன். நீங்கள் தபாலில் அனுப்பும் கடிதங்களை வழியில் ஆமிக்காரர் பிரிப்பார்கள். கடலை விட்டுவிட்டு மழையையும் நெல்லையும் பற்றி எழுதுங்கள்.

பாதர் திரும்பும்போது கொஞ்சம் அரிசி கொடுத்துவிடுங்கள். அந்த அரிசிக்குள் அம்மா ஒரு துண்டுக் கருவாட்டைப் புதைத்துவிடட்டும்.

பாதர் புறப்பட்டுவிட்டார்.

மகள்,
நிரோசினி