சின்னவன் கேட்ட பாட்டுகள்

ஜூன் 6

இன்றைக்கும் கேட்டிருக்கிறான். காலையிலேயே ஐந்தாறு பாட்டு, எல்லாம் பழைய டூயட். அம்மா அடுப்படியிலிருந்தே, "என்னடி, என்ன கேட்டான்?" என்றாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு பாட்டுக்கு அவளே முதல் வரியை முனகிவிட்டு, "இது உங்கப்பாவுக்கு உயிராச்சே. இவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு வெங்காயம் நறுக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள வெங்காயம் வசதியாக இருக்கிறது.

தம்பி ஏப்ரல் கடைசியில் போனான். முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டியவன்தான். போனபிறகுதான் தெரிந்தது, அச்சகத்தில் ஆட்குறைப்பு நடந்து அவன் வேலை போய் ரொம்ப நாளாயிற்று என்று. அதுவரை தினமும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கே போனான்? எந்தப் பூங்காவில் உட்கார்ந்து அதைத் திறந்தான்?

பழைய எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. மிச்சம் இருப்பது இந்தப் பாட்டு ஒன்றுதான். பாட்டுச் செயலியில் எனக்கும் அவனுக்கும் ஒரே கணக்கு. அவன் போனில் கேட்பது என் போனில் தெரியும். போலீஸ் நிலையத்தில் சொன்னேன். அங்கே இருந்தவர் எழுதிக்கொண்டே, "பாட்டு கேக்குறாருன்னா நல்லாத்தாம்மா இருக்காரு" என்றார். எவ்வளவு சுலபம்!

ஜூன் 8, ஞாயிறு

ஒரு பாட்டும் இல்லை. அம்மா மாலை வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். "தூங்குவான், லீவு நாளில்ல" என்றேன். எந்த வேலையில் லீவு?

ஜூன் 9

ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். நான் போட்டால் அவனுக்கு நிற்கும், அவன் போட்டால் எனக்கு. முன்பு இதற்காகவே அடித்துக்கொள்வோம். இன்று மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். ஒரு காதில் மட்டும் பாட்டு. சட்டென்று நின்றது. வேறொரு போனில் பாடுகிறது என்று திரையில் வந்தது.

அவன்தான். அந்த முனையில் அவன் விரல்.

மறுபடி போட்டேன். அவனுக்கு நின்றிருக்கும். அவன் போட்டான், எனக்கு நின்றது. நான் போட்டேன். அவன் போட்டான். பெரியவர் கடைசி வரிசையைப் படித்துவிட்டு, "சரியாச் சொன்னேனாம்மா?" என்றார். "இருக்கான்யா" என்றேன். அவர் பாவம், மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அம்மாவிடம் சொன்னதும் அடித்தாள் என்னை. "அவன் கேட்டுட்டிருக்கும்போது நீ ஏண்டி நிறுத்தினே?"

இனிமேல் நான் பாட்டுக் கேட்கப்போவதில்லை. அவனுக்கு விட்டுவிட்டேன்.

ஜூன் 13

குழந்தைப் பாட்டு. யானை வருது, பூனை வருது என்று கைதட்டிப் பாடுவது. ஒன்றல்ல, வரிசையாக ஏழெட்டு. நேற்றும் இதேதான். இருபத்தெட்டு வயதுக்காரன் எதற்கு இதைக் கேட்கிறான்? புத்தி கலங்கிவிட்டதா? எங்கேயாவது மூலையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறானா?

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "சின்னதுல நான் பாடிக் காட்டினதுடி. என் நெனப்பு வந்துடுச்சு அவனுக்கு. வந்துடுவான் பாரேன்." அவனுடைய போர்வையை இன்று துவைத்துக் காயப்போட்டாள். நான் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய.

ஜூன் 19

தூக்கம் வரவில்லை என்றால் எதையாவது நினைத்துத் தொலைக்கிறேன். மத்தியானம் கடையில் கூட்டமில்லாதபோதும் அப்படித்தான். இன்று நினைத்தது இது:

கடைசி மாதங்களில் அவன் காதில் ஒயரே இல்லை. குளிக்கும்போதுகூட பாட்டுப் போடுகிறவன், நான்கு முறை கூப்பிட்டால்தான் "ஹா?" என்று திரும்புகிறவன். அப்போது மட்டும் முதல் குரலுக்கே திரும்பினான். அம்மாவும் நானும் பேசிக்கொண்டோம், பையன் திருந்திவிட்டான், பொறுப்பு வந்துவிட்டது என்று.

வீட்டில் பாட்டையே விட்டவன் வெளியே போய் ஏன் இத்தனை கேட்கிறான்?

வேண்டாம். இதை அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

ஜூன் 24

கணக்கில் புதிதாக ஒரு பாட்டுத் தொகுப்பு உண்டாக்கினேன். உள்ளே ஒரே ஒரு பாட்டு. தலைப்பு: "சின்னவனே அம்மா தேடறா ஒரு வார்த்தை பேசு." அவன் திரையிலும் இது தெரியும். தெரிந்தே ஆகவேண்டும்.

ஜூன் 26

பாட்டுக் கேட்கிறான். தொகுப்பைத் தொடவில்லை. பார்த்துவிட்டும் தொடவில்லையா? கல்நெஞ்சுக்காரா. அம்மா நேற்று படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள், தெரியுமா உனக்கு? யானைப் பாட்டு கேக்குறியே, யானைப் பாட்டு!

ஜூன் 30

தலைப்பு மாறியிருக்கிறது.

"மன்னிக்கணும் நீங்க யாரு இந்த போன் நான் கடையில வாங்கினது."

ஜூலை 1

யாரோ ஒரு பெண். மே மாதமே வாங்கினாளாம். அதே தலைப்பில் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டோம். பழைய சாமான் கடையில் வாங்கியபோதே பாட்டுச் செயலி திறந்தே இருந்ததாம்.

அப்படியானால் ஒரு பாட்டுகூட அவன் கேட்டதில்லை. ஒன்றுகூட. அப்பாவுக்குப் பிடித்த பாட்டு – அவன் கேட்கவில்லை. அன்றைக்கு என்னோடு மாற்றி மாற்றி – அவன் இல்லை. யாரோ. யாரோ ஒருத்தி. அவன் உயிரோடு இருக்கிறான்னு நான் எதை வச்சு நம்பினேன்? ஒண்ணுமே இல்ல என்கிட்ட. போன மாசமும் இல்ல, அதுக்கு முந்தின மாசமும் இல்ல. ரெண்டு பேரும் வெறும் காத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கோம்.

காலையில் அம்மா கேட்டாள், "இன்னைக்கு என்ன கேட்டான்?" என்று.

"சோகப் பாட்டும்மா" என்றேன்.

ஜூலை 4

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலையில் ஏறும்போது அழுகிற பிள்ளைகளுக்காக யானைப் பாட்டு. வண்டி காலியாகத் திரும்பும்போது அவளுக்காக டூயட். ஞாயிற்றுக்கிழமை வேன் இல்லை, பாட்டும் இல்லை. எல்லாம் இவ்வளவுதான்.

"ஓசியில வருதேன்னு கேட்டுட்டேங்க்கா. நடுவுல நடுவுல நின்னுச்சு, சரி போன்தான் பழசுன்னு நெனச்சேன்" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன் வாங்கிய கடைக்கு அவளே வேனில் கூட்டிப்போனாள். சின்னச் சின்ன இருக்கைகள். முழங்கால் இடிக்க உட்கார்ந்து போனேன்.

கடைக்காரருக்கு நினைவிருந்தது. மறக்கமுடியாத ஆள் என்றார்.

"நல்ல போனைக் குடுத்துட்டு பட்டன் போன் கேட்டாரும்மா. குடுத்தேன். இதுல பாட்டு வருமான்னாரு. ரேடியோ இருக்கு சார், பாட்டு சூப்பரா வரும்னேன். அப்ப இது வேணாம், பாட்டே வராத போன் இருக்கான்னு கேட்டாரு. என் சர்வீஸ்ல ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல."

பழைய சிம்மைக் கழற்றி அங்கேயே குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறான். அந்த எண்ணைத் தேடி எடுத்துத் தருகிறேன் என்றார். இரண்டு நாள் ஆகுமாம்.

ஜூலை 5

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் பொய்ப் பாட்டு கட்ட என்னால் முடியவில்லை.

முதலில் புரியவில்லை அவளுக்கு. "அப்ப அந்த வேன்காரி கேட்டா, இவன் எப்பக் கேட்டான்?" என்றாள். கேட்கவே இல்லை அம்மா என்றேன். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீ ஏண்டி போய்த் தோண்டினே?" என்றாள். கத்தவில்லை. "நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தேனே. தெனம் காலையில எழுந்திருக்க எனக்கு ஒண்ணு இருந்துச்சே. அதையும் பிடுங்கிட்டியே."

எண் வரும், பேசலாம் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. நானும்.

ஜூலை 7

எண் வந்தது. அடித்தேன். எடுத்தார்கள். ஒரே இரைச்சல், ஆலை போல. "டேய்... அக்காடா" என்றேன். கட் ஆயிற்று. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. அவனா? இரைச்சலுக்கு ஏது முகம்.

ஜூலை 8

இன்று வேறொருவர் எடுத்தார். கரகரத்த குரல். "அவர் மிஷின்ல நிக்கிறாரும்மா. இப்ப வரமாட்டாரு. நீங்க யாரு, சொந்தமா?" என்றார். அக்கா என்றேன். கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கு" என்று சொல்லிவிட்டு இடத்தைச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். பஸ்ஸில் அரை நாள் தூரம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போய்ப் பார்த்து, அவன்தான் என்று தெரிந்தபிறகு. இன்னொரு முறை ஏமாற அவளிடம் தெம்பு இல்லை.

ஜூலை 11

அவன்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், பிணவறையைத் தாண்டி. தூரத்திலேயே சத்தம் ஆரம்பித்துவிடுகிறது. ஆள் உயரத்துக்குத் துவைக்கும் இயந்திரங்கள், ஒன்றையொன்று பார்த்தபடி. மலைமலையாகப் படுக்கைத் துணி. கரகரத்த குரல்காரர் உள்ளே போய் அவன் தோளைத் தட்டிக் கையைக் காட்டினார். திரும்பினான். தாடி. கன்னம் ஒட்டிப்போய் அப்பா மாதிரி இருந்தான். விரலெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

வெளியே குழாயடியில் நின்றோம். அங்கேயும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"வேலை கஷ்டமாடா?"

"சத்தம் நல்லா இருக்கு" என்றான். "வேற எதுவும் கேக்காது. தலைக்குள்ள ஓடுறதுகூட."

ஏன்டா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கீழே பார்த்துக்கொண்டே சொன்னான்: "வேலை போனப்புறம் பாட்டு போட்டா தாங்க முடியலக்கா. எல்லாமே நான் நல்லா இருந்தப்ப கேட்டது. ஒவ்வொண்ணும் என்னைப் பாத்து, நீ யாருடான்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் வீட்டுல பேச்சு சத்தமே அப்படி ஆயிடுச்சு. நீ கூப்பிட்டா. அம்மா கூப்பிட்டா."

திட்ட வேண்டுமென்று பஸ் முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ. அதனால் வேன்காரியைப் பற்றிச் சொன்னேன். அவள் பாட்டுகளை அவன் கேட்பதாக நினைத்து நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை. போர்வையைத் துவைத்துப் போட்டதை.

நிமிர்ந்தான். "என்ன பாட்டு?"

சொன்னேன். டூயட், யானை, பூனை.

"யானை வருதா? அதையா நான் கேப்பேன்னு நெனச்சீங்க?"

"புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டான், ரொம்ப நேரம். தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிறாயா என்றதற்குத் தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. அம்மாவிடம் சொல்லட்டுமா என்றேன். "சொல்லு. வரவேணாம்னு சொல்லு. இப்படிப் பாக்க வேணாம்." உள்ளே போய்விட்டான். கரகரத்த குரல்காரர் எனக்குப் பன்னும் டீயும் வாங்கிக்கொடுத்தார். யாரென்றே தெரியாத மனிதர்.

ஜூலை 12

அம்மா கேட்டது: "மெலிஞ்சிட்டானா?" ஆமாம். "அங்க போர்வை இருக்கா?" இருக்கு, நூற்றுக்கணக்கில் இருக்கு. "வரமாட்டானா?"

வரமாட்டேன் என்றான் அம்மா.

துவைத்து மடித்து வைத்திருந்த அவன் போர்வையை எடுத்து அவளே போர்த்திக்கொண்டு படுத்தாள்.

ஜூலை 17

ஒன்றுமில்லை. கடை, வீடு. வேன்காரி போன் பண்ணினாள், கணக்கைவிட்டு வெளியே வந்துவிடட்டுமா என்று. இருந்துவிட்டுப் போ என்றேன். எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஜூலை 23

வேலை முடிந்து வந்தேன். கதவு திறந்தே கிடந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து தன் போனைக் காதில் வைத்திருந்தாள். பேசவில்லை. நான் என்ன என்று கையைக் காட்டியதும், பேசாதே என்று விரலை வாயில் வைத்தாள்.

"அவனா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. 'அம்மா'ன்னான். அப்புறம் போனை எங்கேயோ வச்சுட்டு வேலை பாக்குறான் போல. மிஷின் ஓடுது."

"எவ்வளவு நேரமா?"

கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.