மாற்ற முடியாது என்று நான் சொன்ன சனிக்கிழமை

அப்பா,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டும் இடங்களையும், காட்டாத இடங்களையும். நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்பதற்காக ஒன்றையும் குறைத்து எழுத மாட்டேன்.

சற்று முன்னர் உங்கள் கைத்தொலைபேசி லொறி ஹோர்ன் அடித்தது. பள்ளி நூலகத்தில், மூன்றேகால் மணிக்கு. நினைவூட்டலுக்கு நீங்கள் வைத்திருந்த சத்தம் அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கணம், நீங்கள் வாசலில் வந்து நிற்பதாக நினைத்துப் பையைத் தூக்கிவிட்டேன். எதிர்மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். திரையில், ஆங்கில எழுத்தில் தமிழாக, நீங்கள் தட்டி வைத்திருந்தது இதுதான்: “சனி 10.20. கிட்டத்துக் கொலிஜ். இண்டைக்கு கன்ஃபேர்ம் பண்ணோணும்.”

அம்மா இன்னும் ஒவ்வொரு இரவும் அதைச் சார்ஜில் போடுகிறார். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. காலையில் நான் அதை எடுத்துப் பையில் வைப்பதை அவரும் கேட்பதில்லை.

அக்கா மியூசிக்கல் தியேட்டர் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? பாட்டும் ஆட்டமும் நடிப்பும் ஒன்றாகப் படிக்கும் படிப்பு என்று அவள் விளக்கினாள். அதைப் படித்து என்ன வேலை எடுப்பாய் என்று அம்மா கேட்டார். நீங்கள் அதைக் கேட்கவில்லை. எத்தனை இடம், எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்று கேட்டீர்கள். கனடாவுக்கு வந்து, பிறம்ரனில் இருபது வருடம் லொறிகளுக்கு நேரம் போட்டவர் வேறு எதைக் கேட்பார் என்று அன்று சிரித்தோம்.

அடுத்த நாள் வேலையிடத்தில் கழித்துவிட்ட வெள்ளைப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். எவ்வளவு தேய்த்தும் அழியாமல் வின்ட்சர், கிங்ஸ்ரன் என்ற பழைய ஊர்ப்பெயர்கள் அதில் மங்கலாக இருந்தன. அவற்றின் மேலேயே கட்டம் கீறி, மூன்று கல்லூரிக்கு மூன்று காந்தம் ஒட்டினீர்கள். “நீ ரூல்ஸை வாசி குஞ்சு, நான் ரூட்டைப் போடுறன்” என்று எனக்கும் ஒரு வேலை தந்தீர்கள். ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்தையும் நான் ஒரு வரி விடாமல் வாசித்துத் தமிழில் சொல்ல, நீங்கள் கேட்டு எழுதினீர்கள். எந்தத் திகதிக்குள் வீடியோ அனுப்ப வேண்டும், பாட்டு எத்தனை நிமிடம், ஒன்று மெதுவாகவும் ஒன்று வேகமாகவும் இருக்க வேண்டும், ஓடிஷனுக்கு, அதுதான் நேரில் பாடிக் காட்டும் தேர்வுக்கு, இரண்டு நாள் முன்னர் வருவதை உறுதி செய்யாவிட்டால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். பதிவு உங்கள் மின்னஞ்சலில் இருந்தபடியால் எல்லாக் கடிதங்களும் அங்கிருந்துதான் போக வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்று.

தூரத்து லோட்டை முதலில் அனுப்ப வேண்டும் என்று மொன்றியல் கல்லூரியை முதலில் போட்டீர்கள். அக்கா பத்தாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்ட கல்லூரியை நடுவில். வீட்டுக்குக் கிட்ட இருப்பதைக் கடைசியில். ஒவ்வொரு ஓடிஷனுக்கும் முன்னால் இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டீர்கள். அக்கா ஏன் என்று கேட்டாள். “லொறி றைவருக்குச் சட்டத்திலை ஓய்வு மணித்தியாலம் இருக்கு. களைச்சவனை ரோட்டிலை விடேலாது. தொண்டைக்கும் அதுதான்” என்றீர்கள். அந்த இரண்டு நாளும் அவள் பாடக் கூடாது, கத்தக் கூடாது, என்னோடு சண்டை பிடிக்கவும் கூடாது. நாங்கள் கிசுகிசுத்தே சண்டை பிடித்தோம்.

நடுக் கல்லூரியின் பக்கத்தை வாசிக்கும்போது ஒரு வரி வந்தது. குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் எங்களுக்கு எழுதுங்கள், வேறு திகதி தருவோம். நான் வாசித்தேன். நீங்கள் பேனையைத் தூக்காமலே, “உது எங்களுக்குத் தேவையில்லை. அடுத்ததை வாசி” என்றீர்கள். நான் அடுத்ததை வாசித்தேன்.

வீடியோ எடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எழுத வேண்டும், ஏனென்றால் அதைப் போல ஒரு நாள் எங்கள் வீட்டில் பிறகு வரவில்லை. நிலவறையில் அக்கா பாடத் தொடங்கும் நேரம் பார்த்து, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் உறுமத் தொடங்கும். நீங்கள் அதை நிற்பாட்டினீர்கள். பிறகு குளிர்சாதனப் பெட்டி. பிறகு மேலே அம்மாவின் செருப்புச் சத்தம். அம்மாவைக் கதிரையில் இருத்தி, அசையக் கூடாது என்று கட்டளை போட்டீர்கள். வெளியே மைனஸ் பன்னிரண்டு. நீங்களும் நானும் குளிர்ச்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்க, அக்கா மெல்லிய சட்டையோடு வெயில் காலத்தைப் பற்றிப் பாடினாள். ஏழாவது தடவை சரியாக வந்தது. மேலேயிருந்து அம்மா, “இனியாவது நான் எழும்பலாமோ?” என்று கேட்டது அந்த வீடியோவின் கடைசி நொடியில் இருக்கிறது. வெட்ட வேண்டாம் என்றீர்கள். அக்கா வெட்டித்தான் அனுப்பினாள். வெட்டாததை நான் வைத்திருக்கிறேன்.

மொன்றியலுக்கு எல்லோரும் காரில் போனோம். அக்கா வெளியே வந்ததும் நீங்கள் கேட்டது, நேரத்துக்குக் கூப்பிட்டார்களா என்பதுதான். இல்லை என்ற பதில் பொங்கலுக்கு முன்னரே வந்தது. அக்கா அறையைப் பூட்டிக்கொண்டாள். நீங்கள் அந்தக் காந்தத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்று, “ட்ரக் காலியாயிட்டுது பிள்ளை. அடுத்த லோட் ஏத்துவம்” என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கதவைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமைதான் இருந்தது. ஒரு புதன்கிழமை விடிய வேலைக்குப் போன நீங்கள், அங்கே மேசையில் இருந்தபடியே எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் வியாழக்கிழமை. வீட்டில் இன்னும் சனம் இருந்தது. நடுக் கல்லூரியின் ஓடிஷன் சனிக்கிழமை. உங்கள் பலகை குசினிச் சுவரில், அடுப்புக்கு எதிரே, அப்படியே இருந்தது. மார்க்கத்திலிருந்து வந்திருந்த உங்கள் தங்கை, மாமி, அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னோடு கோபமாகப் பேசியது அதுவே முதல் தடவை. “முப்பத்தொண்டாம் நாள் காரியம் கழியேல்லை. அதுக்குள்ளை ஆட்டமும் பாட்டுமோ? வேறை திகதி கேட்டுப் பாருங்கோவன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். விதிகளை வாசித்தவள் நான்தானே.

“மாத்தேலாது மாமி. ரூல்ஸிலை அப்பிடித்தான் இருக்கு” என்றேன்.

அது பொய், அப்பா.

மாமி கேட்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர் நான் உங்கள் தொலைபேசியோடு குளியலறைக்குள் இருந்தேன். அந்த வரி எனக்கு நினைவிருந்தது. எழுதினேன்: என் அப்பா இறந்துவிட்டார், அக்காவுக்கு வேறு திகதி தருவீர்களா. எழுதி முடித்துப் பார்த்தால், அதற்குக் கீழே தானாகவே உங்கள் கையொப்பம் வந்து நின்றது. உங்கள் முழுப் பெயர், உங்கள் பதவி, எந்த நேரமும் அழைக்கலாம் என்ற குறிப்பு. நீங்கள் இறந்துவிட்டதாக நீங்களே அறிவிப்பதைப் போல இருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். கல்லூரியின் முந்திய கடிதத்தில் ‘வருகிறோம்’ என்ற பொத்தான் இருந்தது. அதை அழுத்தினேன். அதற்கு ஒரு சொல்லும் எழுதத் தேவையில்லை.

அக்காவுக்கு உதவி செய்ததாக அப்போது நினைத்தேன் என்று எழுதலாம். ஆனால் உண்மை அதுவல்ல. உங்கள் பலகையில் ஒரு காந்தத்தை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அக்கா அறைக்குள் சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துப் பயிற்சி செய்தாள். இழவுத் துடக்கு உள்ள வீட்டில் பாட்டுக் கேட்கக் கூடாது. ஒன்பது நாள் அழுத தொண்டை அது. வெறுமையாக நீங்கள் விட்ட அந்த இரண்டு கட்டங்களும் பலகையில் வெறுமையாகவே இருந்தன. நான் அவற்றையும் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

சனிக்கிழமை எங்களைக் கூட்டிப்போனது மாமிதான். அம்மா வெளிக்கிடவில்லை. “நான் பாட்டுக்கு வரேல்லை. குமர்ப்பிள்ளையளைச் சினோக் குளிருக்குள்ளை தனிய விடேலாது எண்டு வாறன்” என்று தன் வான் வண்டியில் ஏறும்போதே மாமி சொல்லிவிட்டார். அங்கே போனதும் உள்ளே வர மறுத்து, வெளியிலேயே இருந்தார்.

நான் கதவுக்கு வெளியே கதிரையில் இருந்தேன். வேகப் பாட்டைத்தான் முதலில் கேட்டார்கள். தன்னைப் போல ஒருத்தி இந்த ஊரிலேயே இல்லை என்று ஒரு பெண் பெருமையடிக்கும் வேடிக்கைப் பாட்டு. நீங்கள் அதைக் கேட்டால் பலகைக்கு முன்னால் நின்று தோளை ஆட்டுவீர்கள். நாலு வரி வந்தது. மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. மன்னிப்புக் கேட்டாள். யாரோ அன்பாக, அவசரமில்லை, திரும்பத் தொடங்கலாம் என்றார்கள். திரும்பவும் அதே இடத்தில் உடைந்தது. பிறகு பியானோ மட்டும் கொஞ்சத் தூரம் தனியாகப் போய் நின்றது.

திரும்பி வண்டியில் ஏறியதும் அக்கா, “தொண்டை வரேல்லை” என்றாள். மாமி சீற்றுக்குக் கீழேயிருந்து ஒரு சுடுதண்ணிப் போத்தலை எடுத்து நீட்டினார். மல்லித்தண்ணி. விடிய எழும்பி அவித்திருக்கிறார். “உள்ளை போக முதல் தந்திருக்கோணும். எனக்குத்தான் பிடிவாதம்” என்று சொல்லி, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே அழுதார். பிழை செய்யாதவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பிழை செய்த நான் பின்சீற்றில் பெல்ற்றைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

லொறி பிந்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், அப்பா. சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பிப் போய் போன் எடுப்பீர்கள். றைவருக்குச் சுகமில்லை, இன்று ஏலாது, நாளைக்கு ஒரு நேரம் தாருங்கள் என்று கேட்பீர்கள். அதைக் கேட்பதில் உங்களுக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. உங்கள் அட்டவணையை நான் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் அதை முதலில் அழித்திருப்பவர் நீங்கள்தான்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. இல்லை என்று. அக்கா இந்த முறை அறையைப் பூட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. தானே அந்தக் காந்தத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுக் கோப்பை கழுவப் போனாள்.

நேற்று அவளிடம் சொன்னேன். பேருந்துத் தரிப்பிடத்தில், குளிரில். வாசித்த வரியையும், குளியலறையையும், பொத்தானையும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு பேருந்துகளை ஏறாமல் விட்டாள்.

“எனக்கு நீ சொல்லியிருக்கோணும்” என்றாள். பிறகு, “சொல்லியிருந்தாலும் நான் அந்த மெயிலை எழுதியிருக்க மாட்டன். எனக்கும் ஏலாது.”

மற்றக் கல்லூரியை என்ன செய்வது என்று கேட்டேன்.

“நீ எழுது. முப்பத்தொண்டுக்குப் பிறகு ஒரு நாள் கேள். தந்தா பாப்பம்.”

என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாவது பேருந்தில் ஏறினோம். ஒரே இருக்கையில்தான் இருந்தோம்.

இதுவரை எழுதிவிட்டு, பேனையை வைத்துவிட்டு உங்கள் தொலைபேசியை எடுத்தேன். கிட்டத்துக் கல்லூரிக்கு மூன்று வரிதான். இது என் அப்பாவின் மின்னஞ்சல். அவர் இறந்துவிட்டார். என் அக்காவுக்கு வேறு திகதி தர முடியுமா. வழக்கம்போல உங்கள் பெயர் கீழே வந்து நின்றது. இறந்துவிட்டார் என்று எழுதுவதைவிட, அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழிப்பதுதான் கடினமாக இருந்தது. பின்னாலிருந்து அழித்துக்கொண்டு வந்தேன். முதல் எழுத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அந்த இடத்தில் என் பெயரை எழுதி அனுப்பினேன்.

அக்கா பாடுவாளா என்று எனக்குத் தெரியாது. கிடைக்குமா என்றும் தெரியாது. குசினியில் மாமியின் முகத்தைப் பார்த்து ‘மாத்தேலாது’ என்று சொன்ன என் குரல் மட்டும் எனக்கு அப்படியே கேட்கிறது. அது என்னோடுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்று மாமிக்கும் சொல்ல வேண்டும்.

நூலக மிஸ் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். என்னை எழுப்ப மனமில்லாமல் தூரத்து அலுமாரிகளிலிருந்து விளக்கணைக்கத் தொடங்கியிருக்கிறார். இப்போது மணி நாலரை. என் மேசைக்கு மேலிருந்த விளக்குகளும் அணைக்கப்பட்டுவிட்டன.