நம் வீட்டுப் பஸ்கா

நேற்று பெரிய வியாழன். மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தபோது வீடு முழுக்க வேப்பங்கொழுந்து அரைக்கும் வாசம். அம்மியடியில் அத்தை உட்கார்ந்திருந்தார். நீங்கள் கண்மூடிய பிறகு, போன வருடம் நாங்கள் இந்தப் பஸ்கா விருந்தை வைக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்வந்தோம். இந்த வருடம் நான் வாய் திறப்பதற்குள் உங்கள் அம்மாவே கொழுந்து பறித்து வந்துவிட்டார். நேற்று சாயங்காலம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் நாகல் நகர் வீட்டுக்கு வாழ வந்த முதல் வருடமே நீங்கள் இதைத் தொடங்கிவிட்டீர்கள். எகிப்தில் அடிமைகளாகக் கிடந்த யூதர்கள் விடுதலையாகிப் புறப்பட்டதை நினைத்து வருடந்தோறும் உண்ணும் விருந்து பஸ்கா என்றும், சாவதற்கு முந்தின சாயங்காலம் இயேசு தம் நண்பர்களோடு உட்கார்ந்தது அந்தப் பந்தியில்தான் என்றும், கோயிலில் நாம் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து அங்கிருந்து வந்தது என்றும் எனக்கு விளக்கினீர்கள். “கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி, அது வந்த வழிய ஒருதரம் நடந்து பாத்துட்டுப் போவோம்” என்றீர்கள். கம்பவுண்டர் வேலை பார்த்த உங்களுக்கு எதையும் மூலச்சரக்கிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

புளிக்காத ரொட்டி, கசப்பாக ஒரு கீரை, இரண்டும் போதும் என்றீர்கள். நானோ சித்தையன்கோட்டைப் பக்கத்து நெல்லுச்சோற்று வீட்டுப் பெண். கோதுமை மாவைத் தொட்டே பழக்கமில்லை. புருஷன் கேட்ட முதல் பலகாரம் மெத்தென்று வரட்டுமே என்று விடியற்காலையிலேயே தயிர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் உப்பி வந்த ரொட்டியைப் பிய்த்துப் பார்த்த நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

“மாவு புளிக்கிற வரைக்கும் காத்திருக்க நேரமில்லாம ஓடுனவங்க அவங்க. இம்புட்டு நிதானமாப் பிசைஞ்சா, நாம இந்த வருசம் எகிப்துலயே தங்கிட்டோம்!”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நீங்கள் நாலு ரொட்டி சாப்பிட்டீர்கள்.

பந்தியில் இளையவர் கேட்க வேண்டும், பெரியவர் பதில் சொல்ல வேண்டும் என்பது முறை. மூன்று பேரில் நான்தான் இளையவள். “இன்னைக்கு மட்டும் ஏன் இந்தச் சாப்பாடு?” என்று நான் கேட்பேன். “நாம அடிமைகளா இருந்தோம்” என்று நீங்கள் தொடங்குவீர்கள். அத்தைக்கு அந்த இடத்தில்தான் பொறுக்காது.

“ஏலே, நாம எப்பலே எகிப்துக்குப் போனோம்? நான் திருச்சியையே பாத்ததில்ல.”

“அவங்க இருந்தாங்கன்னு சொன்னா அது கதைம்மா. நாம இருந்தோம்னு சொன்னாத்தான் நினைவு.”

அத்தை வேப்பங்கொழுந்துத் துவையலை நாக்கில் வைத்துப் பார்த்து, “இது வெஞ்சனமா, குடல்புழுவுக்கு மருந்தா?” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

வருடங்கள் போயின. நமக்குப் பிள்ளை பிறக்கவில்லை. எட்டாவது வருடம் என்று நினைக்கிறேன். நான் கேட்க வாயெடுத்தபோது அத்தை, “இது பிள்ளை கேக்க வேண்டிய கேள்வி. இவளே எத்தன வருசந்தான் கேட்டுக்கிட்டிருப்பா?” என்று சொல்லிவிட்டார். வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தவறி வந்ததுதான். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. “இனிமே நான் கேக்க மாட்டேன். பிள்ளை இல்லாத வீட்டுக்கு இந்தப் பந்தி எதுக்கு? விட்ருங்க” என்று தட்டை நகர்த்தினேன்.

நீங்கள் அந்தத் தட்டை மறுபடி என் முன்னால் நகர்த்தி வைத்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

“யூதங்க வீட்டுல பிள்ளை கேக்கும், அப்பன் சொல்லுவான். சரி. நம்ம ஆண்டவர் உக்காந்த பந்தியில எந்தப் பிள்ளை இருந்துச்சு? அவருக்கு ஏது பிள்ளை? பக்கத்துல உக்காந்தவங்ககிட்டதான இந்தப் பந்தியக் குடுத்துட்டுப் போனாரு. என் பக்கத்துல நீதான உக்காந்திருக்க?”

அன்றைக்கு நான் அழுதேன். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பந்தியில் நான் கூனிக்குறுகி உட்கார்ந்ததில்லை. அந்த ஒரு வார்த்தையில் என்னை நிமிர்த்திவிட்டீர்கள்.

நேற்று நானும் அத்தையும் மட்டும் உட்கார்ந்தோம். இப்போதும் நான்தான் இளையவள். வழக்கம்போலக் கேட்டேன். பதிலையும் நானே சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். அத்தை ரொட்டியைக் கையில் எடுத்தார்.

“நாங்க அடிமையாத்தான் தாயி இருந்தோம்” என்றார்.

அவருக்கு நினைவு தடுமாறுகிறதோ என்று பயந்துவிட்டேன். அப்படி இல்லை.

“கீரனூர்ப் பக்கம் ஒரு பண்ணையில. உங்க மாமாவோட அப்பன் காலத்துலருந்து. ஒரு விடியக்காலம் கம்பு மாவப் பிசைஞ்சு வச்சிருக்கேன், உங்க மாமா வந்து ‘கிளம்பு’ன்னாரு. அடுப்பு மூட்ட நேரமில்ல. மாவத் துணியில முடிஞ்சு இடுப்புல செருகிக்கிட்டேன். வயித்துல அவன், ஏழு மாசம். ஒட்டன்சத்திரம் தாண்டித்தான் மூணு கல்லக் கூட்டிச் சுட்டுத் தின்னோம். உப்புக்கூட இல்ல. அம்புட்டு ருசி.”

“அவர்கிட்ட ஏன் அத்த சொல்லல?”

“பண்ணையாள் மகன்னு அவன் தலைகுனியக் கூடாதுன்னு உங்க மாமா என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. அவன் ஒவ்வொரு வருசமும் ‘நாம இருந்தோம்’னு சொல்றப்பெல்லாம் எனக்குத் திக்குன்னு இருக்கும். தெரிஞ்சு சொல்றானோன்னு.”

உங்களுக்குத் தெரியாது. அத்தனை வருடமும் யாருடைய கதையையோ நம்முடையது என்று நம்பிச் சொன்னீர்கள். நீங்கள் சொன்னது அத்தனையும் நிஜம். நீங்கள் இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நேற்று என் மனம் கிடந்து தவித்தது. தலைகுனிந்திருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். எழுந்து போய் உங்கள் அம்மாவின் காலைத் தொட்டிருப்பீர்கள். உங்களுக்காக நான் தொட்டேன்.

பிறகு இருவரும் கோயிலுக்குப் போனோம். அப்பத்தை வாங்க அத்தை நிமிர்ந்து நடந்தார்.

அடுத்த வருடம் கோதுமை வேண்டாம், கம்பு வாங்கிவிடலாம் என்று வரும் வழியிலேயே பேசி முடித்தோம். அத்தை இருக்கும் வரை அத்தை சொல்லட்டும். அதற்குப் பிறகு நான் சொல்வேன். பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, என் பக்கத்தில் யார் உட்கார்ந்து கேட்டாலும் சொல்வேன். கீரனூர்ப் பக்கம் நாங்கள் அடிமைகளாக இருந்தோம் என்று தொடங்குவேன்.