ஒரே பெட்டியில் இரண்டு வகைத் தோட்டா

அன்புள்ள அம்மாவுக்கு,

சிக்ரூன் வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இந்த வடதுருவப் பக்கத்து ஸ்வால்பார்டு தீவுக் குளிரில் பசிதான் இரட்டிப்பாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆய்வு முகாமுக்கு ஒரு வெள்ளைக்கரடி வந்தது. பயப்படாதீர்கள், தூரத்தில்தான் நின்றது. என்னோடு காவல் பார்க்கும் யோஸ்டைன் அவசரமாகத் தன் துப்பாக்கியில் ஒரு தோட்டாவை வைத்தான். அது அரை அங்குலம் குட்டையாக இருந்ததைப் பார்த்துவிட்டேன்.

"டேய், நிறுத்து! அது என் துப்பாக்கியோட தோட்டாடா!"

"உள்ள போகுதே அக்கா, ரெண்டும் ஒரே தடிமன்தானே?"

"உள்ள போனா ஆச்சா? சரியா உக்காராது. சுட்டா உறை பிளந்து, நெருப்பு உன் மூஞ்சிக்குத்தான் திரும்பும்."

அவன் உடனே தோட்டாவை வெளியே எடுத்தான். நான், வெளிச்சமும் சத்தமும் எழுப்பி விரட்டும் வாணத் துப்பாக்கியால் கரடிக்கு முன்னால் சுட்டேன். அது திரும்பி ஓடிவிட்டது.

பிறகு ஒவ்வொரு தோட்டாவின் அடியில் பொறித்த எண்ணையும் துப்பாக்கிக் குழலில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டு பெட்டிகளாகப் பிரித்தோம். இடம் மிச்சமாகட்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வைத்தது நான்தான் அம்மா. அதை அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

"அப்ப இந்த வாரம் பூரா பாத்திரம் நீங்கதான் கழுவணும்" என்றான். சந்தோஷமாகக் கழுவுகிறேன்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் அனுப்புங்கள். கட்டியை நம் ஊர்ச் செய்தித்தாளில் சுற்றுங்கள். பழைய தாளானாலும் பரவாயில்லை, முழுத் தாளாக இருக்கட்டும், பிரித்துப் படிக்கலாம்.

ஹெலிகாப்டர் இறங்கிவிட்டது, தபால் பையைக் கட்டுகிறார்கள்.

உங்கள் சிக்ரூன்