இடிக்கச் சொன்ன சுவர் விறகு என்பது குறித்து

அனுப்புநர்:
சுன்னிவா ப்ரோத்தன் (வயது 17),
மனை எண் 14, ஊல்வ்மிரா காட்டுப்பாதை,
ஸ்கார்டால் ஊராட்சி, நார்வே.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
கட்டட அனுமதிப் பிரிவு,
ஸ்கார்டால் ஊராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் விடுமுறைக் குடிலில் அனுமதியின்றி அறை கட்டியதாகக் கூறி, தாழ்வாரக் கூரையை அகற்றச் சொன்ன ஆணையை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஆணை, நாள் அக்டோபர் 2.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒரு பிர்ச் மர விறகின் வெட்டுமுகத்தில் சிவப்புப் பென்சிலால் போட்ட சிறு கோட்டைத்தான் நான் முதலில் பார்த்தேன். பக்கத்தில் 3.20 என்று எழுதியிருந்தது. செப்டம்பர் 19 அன்று தங்கள் ஆய்வாளர் திரு. ஹால்வர் அளந்துவிட்டுப் போனதன் அடையாளம் அது. இரண்டு வாரத்தில் ஆணை வந்தது. குடிலின் தெற்கே மூன்று புறமும் சுவர் எழுப்பிய, அனுமதி பெறாத அறை ஒன்று இருப்பதாகவும், நவம்பர் 1-க்குள் அதன் சுவர்களையும் கூரையையும் அகற்ற வேண்டும் என்றும் அதில் கண்டுள்ளது.

2. ஐயா, அவை சுவர்கள் அல்ல. விறகு.

3. அந்தக் குடிலை வரைந்தவள் நான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. பதினாறு வயதில் பள்ளியை விட்டுவிட்டேன். மர லாரி ஓட்டும் என் அப்பா ஓத்வார், காட்டில் எங்களுக்கு ஒரு குடில் வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிவந்தார். ஒரு நாள் காகிதத்தையும் அளவுகோலையும் என் முன்னால் வைத்து, "நீயே வரைம்மா. இதுக்குப் பேச வேண்டியதில்ல, கோடு போட்டாப் போதும்" என்றார். பதினோரு முறை வரைந்தேன். பதினொன்றாவது வரைபடத்துக்குத் தாங்கள்தான் அனுமதி அளித்தீர்கள். அதிலுள்ள தங்கள் முத்திரையை இன்னும் சில வேளை எடுத்துப் பார்க்கிறேன்.

4. தாழ்வாரத்துக்கென்று தனிக் கூரை கிடையாது. குடிலின் கூரையே தெற்கே நீண்டு இறங்குகிறது. ஆகஸ்டில்தான் பிர்ச் பட்டை விரித்து, மேலே புல்லோடு பெயர்த்தெடுத்த புல்மண் பரப்பினோம். வேர் இன்னும் பிடிக்கவில்லை. புல்மண் முழுவதையும் தாங்குவது கீழ்விளிம்பில் கிடக்கும் ஒரே நீளக்கட்டை. தாழ்வாரத்தை வெட்டினால் அந்தக் கட்டை போய்விடும். முதல் மழையிலேயே கூரை எங்கள் காலடிக்கு வந்துவிடும். ஈஸ்டருக்கு அங்கே தங்கலாம் என்று இருக்கிறோம். ஈஸ்டருக்கென்றே எல்லாரும் வாங்கும் ஆரஞ்சுப் பழம் வைக்கும் கூடைக்குக்கூட இடம் வரைந்து வைத்திருக்கிறேன்.

5. விறகு சுவரானது எப்படி என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டாரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்கள் விறகு அடுக்கியிருப்பதைப் பார்ப்பார்கள். அதனால் தாழ்வாரத்தின் மூன்று புறமும் கூரைவரை, நூல் பிடித்தாற்போல் அடுக்கினேன். காற்றுப் போக நடுவே ஓர் ஓட்டை விட்டேன். மேலிருந்த விறகுகள் சரிந்ததால் அதில் ஒரு பழைய சன்னல் சட்டத்தைச் செருகினேன். பார்க்க வந்த குன்லாவ் அத்தை, "அடி இவளே, விறகுக்கு ஜன்னலா? இரு, மானமா ஒரு திரை போடுறேன்" என்று தன் சமையலறைத் திரையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். சிவப்புக் கட்டம் போட்டது. ஆணையின் மூன்றாம் பத்தியில் "திரைச்சீலையுடன் கூடிய சன்னல்" என்று குறிப்பிட்டிருப்பது அதைத்தான்.

6. நான்காம் பத்தியில் "உள்ளே ஆள் வசிப்பதற்கு அடையாளமாகக் காப்பி மணம்" என்றும் உள்ளது. ஐயா, அந்த ஆள் நான்.

7. அன்று முன்கதவைத் தாழிட்டுவிட்டு, குடில் வழியாகத் தாழ்வாரத்துக்குள் போய், விறகுக்கு நடுவே காப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரும் என்னைப் பார்க்க முடியாது என்பதால் எனக்குப் பிடித்த இடம். திரு. ஹால்வர் சதுப்புநிலத்தைக் கடந்து வருவது பூட்ஸ் சத்தத்தில் தெரிந்தது. "யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். பிறகு விறகைத் தட்டினார், கதவைத் தட்டுவது போலவே. என் வாய் நிறைய வாஃபிள் இருந்தது. விழுங்கிய பிறகும் பதில் சொல்லவில்லை. "ஜன்னலுக்குத் திரை வேற!" என்று சிரித்துக்கொண்டே அளந்தார். விறகுக்கட்டைகளைச் சாந்தில் பதித்து வீடு கட்டுவோர் இப்போது சிலர் இருப்பதால், இதையும் அப்படி நினைத்திருப்பார். ஒன்றை உருவியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அடுத்தவர் அடுக்கிய விறகில் நம் ஊரில் யாரும் கை வைப்பதில்லை. அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். தவறு வாய் திறக்காத என்னுடையது.

8. ஆணையைப் படித்துவிட்டு அப்பா, "அவரு வந்தப்ப நீ எங்கடி இருந்தே?" என்று கேட்டார். "அறைக்குள்ளப்பா" என்று சொல்லிவிட்டேன். "போச்சு! நீயே அறைங்கற!" என்று அவர் சிரிக்க, "ஊராட்சியே வந்து உன் அடுக்குக்குச் சான்றிதழ் குடுத்திருக்குடி, சட்டம் போட்டு மாட்டு" என்று அத்தை சேர்ந்துகொண்டார். சிரித்து முடித்ததும் அப்பா வெளியே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

9. திரு. ஹால்வர் மறுபடி வந்து, விரும்பிய விறகை உருவிப் பார்க்கலாம். கோபிக்க மாட்டோம். திரையை எடுத்துவிட்டோம். சுவர்களை எரிக்கத் தொடங்கிவிட்டோம். ஈஸ்டருக்குள் தெற்குச் சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும் என்று அப்பா கணக்குச் சொல்கிறார். ஆகவே, கூரையை மட்டும் விட்டுவைக்கும்படி தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: சிவப்புக் கோடு உள்ள பிர்ச் விறகு, ஒன்று.

இடம்: ஊல்வ்மிரா
நாள்: அக்டோபர் 9

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுன்னிவா ப்ரோத்தன்

பி.கு.: இணைப்பு தபால் பெட்டிக்குள் நுழையவில்லை; இதைத் தங்கள் அலுவலகத்தில் நின்றே எழுதுகிறேன். பேருந்தில் எடுத்துவந்து, தங்கள் அலுவலக முகப்பு மேசையில் என் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். காதில் விழவில்லை என்றார்கள். மறுபடியும் சொன்னேன்.