சுரங்கத்துக்குக் குடையோடு வந்த மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

நீங்கள் கண்மூடிய பிறகு என் வேலையைப் பற்றித் தப்புத் தப்பாகச் சொல்ல இந்த வீட்டில் ஆளே இல்லை. திருத்தங்கலில் யார் கேட்டாலும், "மருமக சுரங்கத்துக்கு வெள்ளையடிக்கா" என்பீர்கள். பாறை பலவீனமாக இருக்கும் இடத்தில், அது இடிந்து விழாதபடி கூரையிலும் சுவரிலும் மெஷினால் கான்கிரீட் பீய்ச்சுகிறோம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்?

"பலகை அடிக்காம, முட்டுக் கொடுக்காம, மேல அப்புன கான்கிரீட் எப்படிம்மா விளாம நிக்கும்?" பெண் பார்க்க வந்த அன்றே கேட்டீர்கள். உடனே இறுகுவதற்கு ஒரு மருந்து கலப்போம் என்றேன். நீங்கள் நம்பவில்லை. அத்தையின் கவலை வேறு. "அங்கன வெடி வைப்பாகளாமே, ஆபத்தில்லையா?" கேட்டது யார்? அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவரின் தங்கை!

கடைசியில் அனுமதி வாங்கி, கர்நாடகத்தில் நான் வேலை பார்க்கும் சுரங்கத்துக்குள் உங்களைக் கூட்டிப்போனேன். ஹெல்மெட், பூட்ஸ், லைட் எல்லாம் மாட்டிய பிறகு பையிலிருந்து குடையை எடுத்தீர்கள்.

"பூமிக்குள்ள மழை பெய்யாது மாமா."

"மழைக்கு இல்லம்மா. ஒன் கான்கிரீட்டுக்கு."

தள்ளி நின்றுதான் பார்த்தோம். ஒட்டாமல் தெறித்த துளிகள் தரையில் விழுந்ததும் "பாத்தியா!" என்று குதித்தீர்கள். மிச்சமெல்லாம் கூரையோடு கூரையாக ஒட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகு குடையை மடக்கிப் பைக்குள் வைத்தீர்கள். வெளியே டீ குடிக்கும்போது, "இதுக்குக் கீழதான் தெனமும் நிக்கியா?" என்றீர்கள். நான் சிரித்து மழுப்பினேன்.

இப்போது ஒரு செய்தி. போன மாதம் ஒரு பாதையில் கூரைக் கான்கிரீட் விரிசல் விட்டது. மயிரிழை போல இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நுழையும் அளவுக்கு விரிந்தது. மேலே பாறை நகர்கிறது என்று அர்த்தம். எல்லோரையும் வெளியேறச் சொன்னேன். வண்டி ஓட்டும் செல்வம், நம் சாத்தூர்க்காரர், "இந்த ஒரு லோடு மட்டும் மேடம்" என்று நின்றார்.

"ஏலே, வண்டிய விட்டுட்டு ஓடியாலே!"

செல்வம் என்னைவிட வயதில் மூத்தவர், மாமா. மிரண்டுபோய் ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் கூரை அப்படியே இறங்கியது. வண்டி பாறைக்கடியில். ஆட்கள் ஒருவருக்கும் கீறல் இல்லை.

வீட்டில் மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் லீவில் வந்திருந்தபோது, செல்வம் ஒரு பெட்டி காராச்சேவோடு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அத்தை வேலையை விடச் சொல்வார் என்று நான் தலைகுனிந்து நின்றேன்.

அத்தை செல்வத்திடம் கேட்டார்: "அம்புட்டுப் பேரு முன்னால ஒங்கள ஏலேன்னா கூப்பிட்டா?"

"ஆமாங்கக்கா."

மரியாதை தெரியாதவள் என்று எனக்கு ஒரு அர்ச்சனை நடந்தது. செல்வம் குறுக்கே புகுந்து, "திட்டாதீக அக்கா, 'வாங்க'ன்னு கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்" என்றார். அத்தை சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டார். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஒன் மாமாவ மட்டும் கூட்டிட்டுப் போன. என்னைய எப்பக் கூட்டிட்டுப் போவ?"

இதற்கு என்ன சொல்வது மாமா? அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று உங்களாலேயே சொல்ல முடிந்ததில்லையே!

தீபாவளி சீசன் முடிந்ததும் கூட்டிப்போகிறேன். பத்திரமாக மேலே கொண்டுவந்துவிடுவேன். அவரை மட்டுமல்ல, என்னோடு இறங்கும் எல்லோரையும், தினமும்.

உங்கள் மகனைவிட உங்களிடம் அதிகம் வாயாடிய மருமகள்,
காவேரி