பிடிக்குள் இருந்த துரு

மார்க்ஸ் டோர்மோய்
4 நவம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். தொலைபேசியில் கதைத்தால் நான் கத்திவிடுவேன், அக்கா அழுவா. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக் கூரை ஒழுகியதால் ஜப்பான் வாளை ஒரு மாதம் உங்களிடம் விட்டேன். கராம்பு மணக்கும் அந்த எண்ணெயைப் பூசும் விதமும் காட்டித் தந்தேன். சனிக்கிழமை அதை லாராவிடம் கொண்டுபோனேன். ஆறு வருடமாக எனக்கு இந்த வாள்களைப் பார்க்கக் கற்றுத் தருபவர் அவர்தான். மூங்கில் ஆப்பைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றினார். உள்ளே செம்மஞ்சளாகப் புதுத் துரு.

அலகைத் தீட்டலாம் அத்தான். பிடிக்குள் மறைந்திருக்கும் அடியை எவரும் தொடுவதில்லை. கொல்லன் தன் பெயரை வெட்டுவது அங்கேதான். அதில் கரும்பழுப்பாகப் படிந்திருந்த துருவை வைத்துத்தான் நானூறு வருடம் என்று சொன்னார்கள். அந்தப் பழைய துருவை இப்போது காணவில்லை.

லாரா ஒரேயொரு கேள்வி கேட்டார். "பழசாகக் காட்டுவதற்கு நீயே துருவை வரவழைத்தாயா?" ரூ காய் தெருச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரனாக நின்று, காசு சேர்த்து வாங்கிய வாள். எங்கள் வாள் சேகரிப்போர் சங்கத்தின் டிசம்பர் கண்காட்சியில் வைப்பதாக இருந்தது. இப்போது சங்கத்தில் நான் கள்ளன். என்ன நடந்தது?

கீர்த்தனன்

*

செவ்ரான்
9 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி கீர்த்தனனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம் கேட்ட கையோடு அடியும் போட்டிருக்கிறாய், பரவாயில்லை.

ஒளிக்க என்ன இருக்கிறது? விஜயதசமிக்குக் கோவிலில் மானம்பூ, அசுரனாக நட்ட வாழையை ஒரே வெட்டில் வீழ்த்த வேண்டும். போன வருடம் அந்த மொட்டைக் கத்தியால் மூன்று தரம் வெட்டியும் வாழை விழவில்லை, சனம் சிரித்தது. சபைத் தலைவர் நான், எனக்கு மானம் போனது. இந்த முறை உன் வாளைக் கொண்டுபோனேன். அம்மனுக்கு முன்னால் துருப்பிடித்த ஆயுதத்தை நீட்டுவதா? பிடியைக் கழற்றி, பழப்புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்குப் போல மினுக்கினேன். ஒரே வெட்டு! ஐயரே, "எங்கை வாங்கின வாள் உது?" என்று கேட்டார். அலகில் ஒட்டிய வாழைக்கயரையும் உடனே துடைத்துவிட்டேன்.

மினுக்கியதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. இரும்பென்றால் துருப்பிடிக்கத்தான் செய்யும். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லு.

பதினேழு வயதில் வந்து என் வீட்டு சோபாவில் படுத்த பிள்ளை நீ. ஓர் இரும்புத் துண்டுக்காக இப்படி எழுதலாமா? ஞாயிற்றுக்கிழமை வா, அக்கா இடியப்பம் அவிக்கிறா.

அன்பு அத்தான்
மகேந்திரராசா

*

மார்க்ஸ் டோர்மோய்
16 நவம்பர் 2024

அத்தானுக்கு,

இடியப்பத்துக்கு வரமாட்டேன்.

பழப்புளியால் மினுக்கியது தெரியாமல் செய்த பிழை. வயிறு எரிந்தாலும் அதை விட்டுவிட்டேன். ஆனால் லாரா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, பெயர் வெட்டிய பள்ளத்துக்குள் உப்பு இருந்தது. பழப்புளிக்குள் உப்பு எங்கிருந்து வந்தது? துருவை வேண்டுமென்றே வரவழைத்திருக்கிறார்கள். அது நானா, நீங்களா?

30ஆம் திகதி சங்கம் கூடி என்னை நீக்குவதா என்று முடிவெடுக்கிறது. நடந்ததை உங்கள் கையால் எழுதிக் கையொப்பம் வையுங்கள். நல்ல கொல்லன் பிழைத்துப்போன, சரிவராத வாளில் பெயர் வெட்டமாட்டான் என்று லாரா சொல்வார். பெயரை வெட்டினால் பொறுப்பும் அவனுடையது.

நீங்கள் எழுதாவிட்டால் இனிச் செவ்ரானுக்கு வரமாட்டேன். அக்காவிடம் என்ன காரணம் சொல்வதென்று நீங்களே யோசியுங்கள்.

கீர்த்தனன்

*

செவ்ரான்
26 நவம்பர் 2024

சங்கத்தாருக்கு,

செவ்ரானில் வசிக்கும் மகேந்திரராசா ஆகிய நான் எழுதிக்கொள்வது. அந்த வாளில் துருவை வரவழைத்தவன் நான். என் மைத்துனன் கீர்த்தனனுக்கு அது தெரியாது.

தம்பி, இதுவரை உள்ளதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடு. மிச்சம் உனக்கு.

நீ வாளை எடுக்க வருவதற்கு முந்தின கிழமை, நீ முன்பு அனுப்பிய படங்களைப் பார்த்தேன். படத்தில் அந்த அடி கறுப்பு. என் கையில் இருந்தது வெள்ளிக் கரண்டி மாதிரி மினுங்கியது. "உந்தத் துருவிலை கை வைச்சிடாதேங்கோ அத்தான், அதுதான் இதின்ரை வயசு" என்று நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால், மினுக்கும்போதே ஞாபகம் வந்தது. சின்னப் பெடியன் எனக்கு என்ன சொல்வது என்று நினைத்தேன்.

பயந்துபோனேன். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக் குளியலறை அலுமாரிக்குள் வைத்தேன். நானூறு வருடத்தை நாலு நாளில் கொண்டுவரப் பார்த்தேன். பிறகு உனக்குப் பொய்யும் எழுதினேன்.

அக்காவுக்கு நேற்றுச் சொன்னேன். இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா: "அவன்ரை பேரைக் கெடுத்துப்போட்டு உங்கடை பேரைக் காப்பாத்திறியளோ?"

30ஆம் திகதி நானும் கூட்டத்துக்கு வருகிறேன். என் பிரெஞ்சு தடக்கும், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீ எனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். மார்க்ஸ் டோர்மோய் மெற்றோ வாசலில் இரண்டு மணிக்கு நிற்பேன். நீ வராவிட்டாலும் இடத்தைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேருவேன்.

இது பிழைத்துப்போன வேலைதான். என்றாலும் பெயரை வெட்டுகிறேன்.

சின்னத்துரை மகேந்திரராசா